சீழ், சிவப்பு, உப்புநீர்

திருகோணமலையில் புண்ணோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் தண்ணீரில் நின்று பிழைப்பவர்கள். திருக்கடலூரிலிருந்து மீன் முள் குத்திய கையோடு வருவார்கள். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் பெட்டி இறக்கும்போது கிழிபட்ட முழங்காலோடு வருவார்கள். தம்பலகாமத்து வயலிலிருந்து மண்வெட்டி பட்ட பாதத்தோடு வருவார்கள். கதிரையில் இருந்ததும் கேட்பது ஒன்றுதான்: “பவர் கூடின மருந்தாத் தாங்கோ டொக்டர், நாளைக்குத் தொழிலுக்குப் போகோணும்.”

அந்த அவசரம் எனக்கு விளங்கும். ஒரு நாள் வள்ளம் இறங்காவிட்டால் அந்த வீட்டு அடுப்பு என்ன ஆகும் என்று தெரியாமல் இந்த ஊரில் வைத்தியம் பார்க்க முடியாது. ஆனால் அன்டிபயோட்டிக்குகளைப் பலம் கூடியது, குறைந்தது என்று ஒரே வரிசையில் அடுக்க முடியாது. ஒரு கிருமியை அடியோடு அழிக்கிற மருந்து இன்னொரு கிருமியைத் தொடக்கூட மாட்டாது. இதற்கு என்னிடமுள்ள தெளிவான சாட்சி, மீன் வெட்டுகிறவர்களின் விரல்.

மீனின் செதிலோ முள்ளோ கீறிய சில நாட்களில் அந்த விரல் ஊதா கலந்த சிவப்பாக வீங்கி எரியும். சீழ் இராது, காய்ச்சலும் பெரும்பாலும் இராது. விளிம்பு மெல்ல மெல்லப் படர்ந்துகொண்டு போக, நடுப்பகுதி தெளிந்துவரும். எரிசிபெலோத்ரிக்ஸ் என்ற கிருமியின் வேலை அது. மீன், நண்டு, இறைச்சி கையாள்பவர்களுக்கு வருவது. பெரிய ஆஸ்பத்திரிகள் கடைசி ஆயுதமாகப் பொத்தி வைத்திருக்கும் வான்கோமைசின் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. அது பிறவியிலேயே அந்த மருந்துக்கு அடங்காதது. எண்பது வருடப் பழைய, மிக மலிவான பெனிசிலினுக்கு அடங்கிவிடும். பவர் கூடினது எது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த விரலைத்தான் கதையாகச் சொல்வேன்.

நோய் தீர்ப்பதற்காகப் பெனிசிலின் ஊசி போடப்பட்ட முதல் மனிதர்களில் ஒருவரும் ஒரு தோல் தொற்று நோயாளிதான். அல்பர்ட் அலெக்சாண்டர் என்ற ஆங்கிலேயப் பொலிஸ்காரர். முகமும் தலையும் சீழ்பிடித்து, ஒரு கண்ணையும் இழந்த நிலையில், 1941 பெப்ரவரி 12இல் ஒக்ஸ்ஃபோர்டில் அவருக்கு முதல் ஊசி போட்டார்கள். ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கியது, சாப்பிடத் தொடங்கினார். கையிருப்பு முடிந்தது. அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்துத் திரும்பவும் ஏற்றினார்கள். அதுவும் போதவில்லை. மார்ச் 15இல் இறந்துபோனார். அடுத்த வருடம் ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்தின் மீது குண்டு போட்டபோது, இங்கே காயப்பட்டவர்களுக்குக் கொடுக்க ஒரு துளி பெனிசிலினும் இருக்கவில்லை. மருந்து குறைவாகக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தப் பொலிஸ்காரரின் மரணத்தைவிட வேறு பாடம் வேண்டியதில்லை. இரண்டு நாள் குளிசை வாங்கிக் குடித்துவிட்டு, வீக்கம் வற்றியதும் நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அவர்தான் ஞாபகத்துக்கு வருவார்.

1940கள் முடிவதற்குள்ளேயே ஸ்டெபிலோகொக்கஸ் கிருமிகள் பெனிசிலினை உடைக்கும் நொதியைச் சுரக்கப் பழகிவிட்டன. அந்த நொதியால் உடைக்க முடியாத பெனிசிலின் வகைகளைத் தேடியதில் மெத்திசிலின் வந்தது. 1960களின் தொடக்கத்தில் குளொக்சசிலின் வந்தது. அதற்குள் 1961இலேயே இங்கிலாந்தில் மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெபிலோகொக்கஸைக் கண்டுவிட்டார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ. என்று இன்று எல்லா வாட்டிலும் பேசப்படுவது அதுதான்.

நான் உள்ளகப் பயிற்சி வைத்தியராகச் சத்திரசிகிச்சை வாட்டில் நுழைந்தபோது குளொக்சசிலின்தான் எங்கள் அன்றாடச் சோறு. இன்றைக்கும் அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். தோலில் தொற்றுகிற இரண்டு பெரிய குடும்பங்களான ஸ்டெபிலோகொக்கஸ், ஸ்ட்ரெப்டோகொக்கஸ் இரண்டையும் அது ஒன்றே பார்த்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் செலுலைட்டிஸ், அதாவது தோலுக்கடியில் பரவும் தொற்று, என்றால் குளொக்சசிலினோடு பெனிசிலின் ஊசியையும் சேர்த்துப் போடுவது வழக்கம். ஒன்று ஒரு கிருமிக்கு, மற்றது மற்றக் கிருமிக்கு என்று விளக்கம் சொல்வார்கள். 2005இல் பிரித்தானியாவில் இதை நேராகச் சோதித்தார்கள். ஃப்ளுகுளொக்சசிலின் தனியாக ஒரு சாராருக்கு. அதோடு பெனிசிலினும் சேர்த்து மற்றச் சாராருக்கு. வித்தியாசம் தெரியவில்லை. 81 பேர் கொண்ட சிறிய ஆய்வு. ஆனாலும் இரவு முழுக்க ஊசிக்காக எழுப்பப்படும் நோயாளியையும் ஓடித் திரியும் மிஸ்ஸிமாரையும் பார்த்தவர்களுக்கு அது பெரிய செய்தி. 2017இல் ஃப்ளுகுளொக்சசிலினோடு கிளின்டமைசினைச் சேர்த்துப் பார்த்த ஆய்விலும் குணமாவது கூடவில்லை. வயிற்றோட்டம்தான் இரண்டு மடங்குக்கு மேலாகக் கூடியது. இரண்டு மருந்து ஒரு மருந்தைவிடப் பெரிது என்ற நம்பிக்கை தோலில் அநேகமாகப் பலிப்பதில்லை.

மருந்துகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யவேண்டும். விரலால் அமத்திப் பார்ப்பது. உள்ளே சீழ் தளும்புகிறதா, வெறும் சிவப்பும் வீக்கமுமா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வைத்தியம் முடிந்துவிடும்.

சீழ் இருந்தால் கத்திதான் முதல் மருந்து. அடைபட்ட சீழுக்குள் எந்த அன்டிபயோட்டிக்கும் ஒழுங்காக இறங்காது. சிறிய கட்டிகளை வெட்டிச் சீழை எடுத்தபின் அமெரிக்காவில் மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது. கிளின்டமைசின் பெற்றவர்களில் 83 வீதமும், கோ-ட்ரைமொக்சசோல் பெற்றவர்களில் 82 வீதமும், வெறும் பொய்க்குளிசை பெற்றவர்களில் 69 வீதமும் குணமானார்கள். நான் இதை இரண்டு பக்கமாகவும் வாசிப்பேன். வெட்டியபின் மருந்து கொடுப்பது உதவுகிறது, அது உண்மை. ஆனால் மருந்தே இல்லாமல் வெட்டினது மட்டும் பத்துப் பேரில் ஏழு பேரைக் குணமாக்கியிருக்கிறது. விலை கூடிய கிளின்டமைசினும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் கோ-ட்ரைமொக்சசோலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. “வெட்ட வேணாம், குளிசையால கரைச்சு விடுங்கோ” என்று கெஞ்சுகிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லித்தான் கத்தியை எடுப்பேன்.

சீழ் இல்லாமல் சிவந்து, தொட்டால் சுட்டு, தொடையடியில் நெறி கட்டி, குளிரோடு காய்ச்சல் வந்தால் அது பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ். இதற்கு குளொக்சசிலின், செபலெக்சின் இரண்டில் எதுவும் போதும். எம்.ஆர்.எஸ்.ஏ. மலிந்த அமெரிக்காவிலேயே, செபலெக்சினோடு கோ-ட்ரைமொக்சசோலையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து, சேர்த்ததால் தெளிவான நன்மை இல்லை என்று 2017இல் எழுதினார்கள். அங்கேயே அப்படியென்றால், தொழிலுக்குப் போய்வரும் ஒரு ஆளின் சாதாரண செலுலைட்டிஸுக்கு நான் எதற்காக அகலமான மருந்தைத் தேடவேண்டும்?

செலுலைட்டிஸில் மருந்தைத் தோற்கடிப்பது பெரும்பாலும் பொறுமையின்மை. மருந்து தொடங்கிய முதல் நாள் சிவப்பு இன்னும் கொஞ்சம் பரவும். செத்த கிருமிகளின் நஞ்சால் தோல் சிவப்பது அது. அடுத்த நாளே வேறு வைத்தியரிடம் போவார்கள், அவர் மருந்தை மாற்றுவார், மூன்றாம் நாள் தானாகவே வற்றத் தொடங்கும். புதிய மருந்துக்குப் பேர் கிடைக்கும். இதனால்தான் சிவப்பின் எல்லையைப் பேனையால் சுற்றி வரைந்துவிட்டு, “ரெண்டு நாள் பொறுங்கோ, காலைத் தலையணைக்கு மேல வைச்சுப் படுங்கோ” என்று சொல்லி அனுப்புவேன். காலை உயர்த்துவது அலங்காரத்துக்குச் சொல்வதல்ல. நீர் வடியாத காலுக்குள் மருந்தும் ஒழுங்காகப் போகாது. காய்ச்சல் இறங்கினால், நோயாளி சாப்பிட்டால், கோடு தாண்டினாலும் பயப்பட மாட்டேன். காய்ச்சல் ஏறி, கண்ணுக்குத் தெரிகிற சிவப்பைவிட நோவு பலமடங்காகி, தோல் மரத்துக் கறுத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க மாட்டேன். அது தசையுறையை அழிக்கும் தொற்று. சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போகவேண்டியது. கிளின்டமைசினுக்கு உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது. கிருமி நஞ்சு சுரப்பதையே அது நிறுத்துகிறது.

திரும்பத் திரும்ப ஒரே காலில் செலுலைட்டிஸ் வருபவர்களின் விரலிடுக்கை விரித்துப் பாருங்கள். சேற்றுப்புண் வெடித்திருக்கும். கிருமிக்கு வாசல் அது. ஒரு குளோட்ரிமசோல் களிம்பு பத்து நாள் ஊசியைவிட அந்தக் காலுக்கு நல்லது செய்யும். அதையும் மீறி வருபவர்களுக்குப் பெனிசிலின் குளிசை காலையும் மாலையுமாக ஒரு வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் பிரித்தானியாவிலிருந்து வந்தது. நோய் திரும்பியவர்கள் 37 வீதத்திலிருந்து 22 வீதமாகக் குறைந்தார்கள். குளிசையை நிறுத்தியபின் அந்தக் காப்பும் போய்விட்டது.

புத்தகத்தில் சமமாக நிற்கிற மருந்துகள் இந்த ஊரில் சமமாக நிற்பதில்லை. குளொக்சசிலினை ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, வெறும் வயிற்றில் குடிக்கவேண்டும். இரவில் கடலுக்குப் போய் விடியப்புறம் கரைக்கு வருகிறவரால் அது முடியுமா? வள்ளத்தில் எப்போது சாப்பிடுவீர்கள், எப்போது படுப்பீர்கள் என்று விசாரித்த பிறகே நான் எழுதத் தொடங்குவேன். சாப்பாட்டோடும் குடிக்கக்கூடிய செபலெக்சின் அவருக்குச் சரிவரும். வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு குளொக்சசிலின் சரிவரும். ஃப்ளுகுளொக்சசிலின் இரத்தத்தில் இன்னும் நன்றாக ஏறும், வாங்க வசதி இருந்தால்.

டொக்சிசைக்கிளின் ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும், எம்.ஆர்.எஸ்.ஏ. பலவற்றுக்கும் வேலை செய்யும். ஆனால் அதைக் குடிக்கிறவரின் தோல் வெயிலில் பொசுங்கும். நாள் முழுக்கக் கரைவலை இழுக்கிறவருக்கு, தலைக்கு மேலும் தண்ணீரிலிருந்தும் வெயில் அடிக்கிற இடத்தில், அது கொடுமை. தண்ணீர் இல்லாமல் வறட்டுக்கு விழுங்கினால் உணவுக்குழாயிலும் புண் போடும். கோ-ட்ரைமொக்சசோல் மலிவு, கட்டிக்கு நல்லது. ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்கும், லொசார்ட்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை குடிக்கிறவருக்கும் இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். அபூர்வமாகத் தோலையே உரித்துவிடும். எரித்ரோமைசின் வயிற்றைப் பிரட்டும், அதற்கு அடங்காத கிருமிகளும் கூடிவிட்டன. பாமசிகளில் தாராளமாகக் கிடைக்கும் சிப்ரோஃப்ளொக்சசினைச் சாதாரணத் தோல் தொற்றுக்குக் கொடுக்கவே கூடாது. ஸ்ட்ரெப்டோகொக்கஸுக்கு அது மிகப் பலவீனம்.

கோ-அமொக்சிகிளேவை நான் நாய்க்கடிக்கும், சீனி வருத்தக்காரரின் நாறுகிற பாதப் புண்ணுக்கும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். அங்கே பலவகைக் கிருமிகள் கலந்து இருப்பதால் அகலமான மருந்து வேண்டும். “பெனிசிலின் எனக்கு ஒத்து வராது” என்பவர்களிடம் பொறுமையாக விசாரிக்கவேண்டும். அப்படிச் சொல்பவர்களை முறையாகச் சோதித்தால் பத்துக்கு ஒன்பது பேருக்கு உண்மையான ஒவ்வாமை இல்லை என்பது உலகமெங்கும் கண்ட உண்மை. ஒரு பழைய வாந்திக்காக வாழ்நாள் முழுக்க நல்ல மருந்தை இழப்பது அநியாயம்.

இவையெல்லாம் நிலத்தில் பட்ட புண்ணுக்கு. உப்புநீர் பட்டால் கணக்கே வேறு.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுவதற்கு முன்னால், பாதை தாண்டி வருவதற்கே நேரம் போய்விடும் காலத்தில், ஒரு மீனவரைத் தூக்கி வந்தார்கள். முந்தின நாள் கொட்டியாரக் குடாவில் ஓரா முள் குத்தியிருந்தது. கசிப்பு குடித்துக் கல்லீரல் கெட்ட உடம்பு, கண் மஞ்சள். முழங்கால் வரை வீங்கி, கருநீலத்தில் இரத்தக் கொப்புளங்கள். ஊர் பாமசியில் குளொக்சசிலின் கொடுத்திருந்தார்கள். ஆனால் வந்திருந்தது விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கடல்நீர்க் கிருமி. அதற்கு அந்த மருந்து தண்ணீர்தான். டொக்சிசைக்கிளினும் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் ஊசியும் சேர்த்துத் தொடங்கி, இரவோடிரவாகச் செத்த தசையை வெட்டி எடுத்தார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டித்தான் கால் மிஞ்சியது. கல்லீரல் கெட்டவர்களின் இரத்தத்தில் இந்தக் கிருமி ஏறினால் பாதிப்பேர் வரை இறக்கக்கூடும். அவர் பிழைத்தார்.

அதே கடல் மெதுவாக வேலை செய்யும் கிருமிகளையும் வைத்திருக்கிறது. கையில் ஒரு சிறு முடிச்சு, பிறகு முழங்கை வரை வரிசையாக முடிச்சுகள், மாதக்கணக்காக ஆறாமல். காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபக்டீரியம் மரினம். கிளரித்ரோமைசினோ டொக்சிசைக்கிளினோ மாதக்கணக்கில் கொடுக்கவேண்டும். ஐந்து நாள் மருந்துகளை மாற்றி மாற்றிக் குடித்தவர்கள்தான் கடைசியில் இங்கே வருவார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் வேலை செய்த எவரும் மறக்காதது, உப்பும் சேறும் ஏறிய காயங்களை உடனே தைத்து மூடக்கூடாது என்பது. மூடிய இடத்தில் சீழ் கட்டியது. நன்றாகக் கழுவித் திறந்துவிட்ட காயங்கள், சில நாள் கழித்துத் தைத்தபோது ஆறின. எந்த அன்டிபயோட்டிக் என்பது அங்கே இரண்டாவது கேள்வி. எத்தனை போத்தல் சேலைனால் கழுவினோம் என்பதுதான் முதல் கேள்வி.

வயல் பக்கத்து ஆபத்துக்கு வேறு பேர்: மெலியோய்டோசிஸ். மழைக்காலச் சேற்றுமண்ணில் வாழும் கிருமி. சீனி வருத்தம் உள்ளவர்களைத் தேடிப் பிடிக்கும். இலங்கையில் முதல் நோயாளியை 1920களிலேயே எழுதிவைத்தார்கள். பிறகு நீண்டகாலம் மறந்திருந்தோம். கடந்த இருபது வருடங்களில் கொழும்பு மருத்துவ பீடத்து நுண்ணுயிரியலாளர்கள் தேடத் தொடங்கியபின் பல மாகாணங்களிலிருந்தும் கண்டுபிடித்தார்கள். மூதூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரின் மகள் என்னிடம், “வாப்பாக்கு ரெண்டு தரம் கட்டி வெட்டியாச்சு டொக்டர், ஆறுதே இல்ல” என்று சொன்னபோது, சீழை வளர்ப்புக்கு அனுப்பியதோடு ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசியிலும் சொன்னேன். சொல்லாவிட்டால் இந்தக் கிருமியை வெறும் தூசிக் கிருமி என்று ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு. குளொக்சசிலின், செபலெக்சின், ஜென்டமைசின் எதுவும் இதைத் தொடாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது இரண்டு வாரம், பிறகு கோ-ட்ரைமொக்சசோல் மூன்று மாதம். கட்டிக்குக் கொடுக்கும் அதே மலிவுக் குளிசை இங்கே உயிரைக் காக்கிறது.

பிள்ளைகளின் கொப்புளப் புண்ணுக்குக் கீழே பெரும்பாலும் சொறி இருக்கும். சொறியை வீட்டார் எல்லோருக்கும் சேர்த்துத் தீர்க்காமல் எந்த அன்டிபயோட்டிக் கொடுத்தும் பயனில்லை. அவுஸ்திரேலியப் பழங்குடிப் பிள்ளைகள் 508 பேரிடம் 2014இல் வெளிவந்த ஆய்வில், நோகிற பென்சத்தீன் பெனிசிலின் ஊசியும் சில நாள் கோ-ட்ரைமொக்சசோலும் 85 வீதத்தில் சரிசமமாக நின்றன. அதன்பின் ஊசியைக் கண்டு அலறும் பிள்ளையை நான் அமத்திப் பிடிக்கச் சொல்வது குறைந்துவிட்டது. புண் ஆறி சில வாரத்தில் முகம் வீங்கி, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனால் உடனே கொண்டுவரச் சொல்லித் தாய்மாருக்கு விளக்குவேன். சிறுநீரகம் பாதிக்கப்பட்டதன் அடையாளம் அது. பியூசிடிக் அமிலமும் ஸ்டீரொய்டும் கலந்த களிம்பை எதற்கும் பூசிவிடுகிற பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. ஸ்டீரொய்டு சிவப்பை மறைக்கும், கிருமி உள்ளே வளரும்.

2022இல் நாடு பணமில்லாமல் நின்றபோது பல அத்தியாவசிய மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பாமசியில் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதவேண்டிய காலம். எந்தெந்த மருந்து எதற்கு மாற்றாகும், எதற்கு ஆகாது என்று தெரிந்து வைத்திருந்தது அப்போதுதான் கைகொடுத்தது. உலக சுகாதார நிறுவனம் செலுலைட்டிஸுக்கும் கொப்புளப் புண்ணுக்கும் முதலில் சொல்வது குளொக்சசிலின், செபலெக்சின், கோ-அமொக்சிகிளேவ் ஆகிய பழைய மருந்துகளைத்தான். சாதாரணமாக ஐந்து நாள். வான்கோமைசினையும் லினெசோலிட்டையும் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று ஆய்வுகூடம் சொன்னவருக்கும், உயிர் ஊசலாடுபவருக்கும் என்று வைத்திருக்கவேண்டும்.

வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். புண்ணுக்கு வைத்தியரிடம் போகும்போது, அதற்கு முன்னால் பாமசியில் வாங்கிக் குடித்த குளிசையின் வெற்று அட்டையை எறிந்துவிடாமல் கையோடு கொண்டுபோங்கள். “ஏதோ சிவப்புக் கப்சூல் குடிச்சனான்” என்பதை வைத்து எங்களால் ஒன்றும் தீர்மானிக்க முடியாது. எந்த மருந்து, எத்தனை நாள் குடித்தும் கேட்கவில்லை என்பது தெரிந்தால், அடுத்து எழுதவேண்டிய மருந்து அநேகமாக அப்போதே தெரிந்துவிடும்.